அரிசி டிரம்மில் எழுபத்தெட்டுப் புனிதர்கள்

ஐரின் இட்லி அரிசி டிரம்மின் மூடியைப் போட்டு அழுத்தவும், மாமியார் சகாயராணி அடுப்படிக்குள் நுழையவும் சரியாக இருந்தது.

"பார்சல் ஏதும் வந்துச்சா ஐரினு?"

"பார்சலா? இல்லையே அத்தை."

"கொரியர்காரன் வண்டி நம்ம வாசல்ல நின்னுச்சுன்னு சொன்னாங்க."

"அது எதிர்த்த வீட்டுக்கு. விலாசம் கேட்டுட்டுப் போனாரு."

சகாயராணி ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்ப நாளைக்கு வருமா இருக்கும்" என்று தனக்குள் சொன்னபடி போய்விட்டார். இந்த வீட்டுக்கு வாழ வந்த ஐந்து வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. அதுவும் ஒன்றில்லை, இரண்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறவர்களுக்குச் சகாயராணியைத் தெரியாது என்று அர்த்தம். திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவரைத் தெரியாதவர்களே கிடையாது. முப்பத்தொரு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். தெருவில் பாதிப் பேர் பிறந்ததும் முதலில் பார்த்த முகம் அவருடையதுதான். காலையில் திருப்பலி, மாலையில் செபமாலை. வெள்ளிக்கிழமை மதியமானால் நாலைந்து பெண்கள் கவலையோடு வருவார்கள். ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, செபம் செய்து, தெளிந்த முகத்தோடு அனுப்பி வைப்பார். ஐரின் கதவைத் தட்டி டீயை நீட்டுவதோடு சரி. உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்ட சகாயராணி போகிற இடமெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வார்: "எங்க ஐரினுக்குப் பொய் பேச வராது." ஊரில் ஒவ்வொரு மருமகளுக்கும் நகை, நட்டு, வேலை, சம்பளம் என்று ஏதாவது பெருமை இருக்கும். ஐரினுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் பெருமை. அது போனால் எல்லாமே போன மாதிரி.

டிரம்முக்குள் கிடந்தது டாரட் சீட்டுக் கட்டு. குறி சொல்லும் சீட்டுகள். மொத்தம் எழுபத்தெட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணப்படம். கணவன் ரொனால்டு ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். ஐரின் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு வந்து போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒருநாள், ஒரு பெண் சாந்தமான குரலில் சீட்டு விரித்துப் பேசுவதைப் பார்த்தாள். படங்கள் அவ்வளவு அழகு. நமக்கென்று ஒரு கட்டு இருந்தால் எப்படி இருக்கும் என்று ஆசை வந்துவிட்டது. குறி பார்க்கிறது, ஜோசியம் பார்க்கிறது எல்லாம் கூடாது என்று பங்குச்சாமி பிரசங்கத்தில் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இருந்தாலும் ஆர்டர் போட்டுவிட்டாள்.

ரொனால்டின் பெயரில்தான் போட்டாள். அந்த வீட்டில் அப்படித்தான். கேஸ் சிலிண்டர், கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் ரொனால்டு பெயருக்குத்தான் வரும். அவன்தான் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பார்சல் வந்தது. காலாண்டு விடுமுறை என்பதால் ஐரினே வாங்கினாள். ரொனால்டு பெயர் இருந்தது, அது போதும் என்று அட்டையைக் கிழித்தாள். தங்க விளிம்பு வைத்த கட்டுக்குக் காசு கட்டியிருந்தாள். வந்ததில் தங்கமும் இல்லை, தகரமும் இல்லை. 'ஏமாத்திட்டானுங்க' என்று நினைத்துக்கொண்டாள். திருப்பி அனுப்பினால் ஊருக்கே தெரியும் என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் வழக்கம்போல வந்த பெண்களைச் சகாயராணி வாசலோடு திருப்பி அனுப்பினார். "இன்னைக்கு முடியாது ஆத்தா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க." அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று ஐரின் கவலைப்பட்டு ஒரு சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

மாலையில் மாமியார் செபமாலைக்குப் போனதும் கட்டை வெளியே எடுத்தாள். கூட வந்த சிறு புத்தகத்தில், புதுச் சீட்டுகளோடு முதலில் பழக வேண்டும் என்று போட்டிருந்தது. உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டு ஒரு சீட்டை எடுங்கள்.

ஐரின் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "வணக்கம். நான் ஐரின், எம்.எஸ்ஸி., பி.எட்.," என்றாள். சீட்டுகள் ஒன்றும் சொல்லவில்லை. "நீ யாரு?" என்று கேட்டு ஒன்றை உருவினாள்.

கொம்பு, ஆட்டுக்கால், வௌவால் இறக்கை. பிசாசு.

"யேசுவே!" என்று திரும்பச் செருகிவிட்டு, நன்றாகக் கலைத்து மறுபடி எடுத்தாள். மறுபடியும் பிசாசு. அவ்வளவுதான், கட்டு அரிசிக்குள் திரும்பப் போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை காலை, ஐரின் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், இட்லிக்கு ஊறப்போடலாம் என்று சகாயராணி டிரம்முக்குள் கையை விட்டுவிட்டார்.

ஐரின் வந்தபோது அவர் கையில் கட்டு இருந்தது. அரிசி பொலபொலவென்று தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. முகம் ஒரு மாதிரி வெளிறியிருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"அது... அது புனிதர் படம் அத்தை!" என்றது ஐரினின் வாய். "கூட வேலை பாக்குற டீச்சர் வேளாங்கண்ணி போய்ட்டு வந்து குடுத்தாங்க."

சகாயராணி மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி மருமகளைப் பார்த்தார். அதற்குள் ஐரின் மனதுக்குள் ஒரு முழுப் பரலோக மந்திரம் சொல்லி முடித்துவிட்டாள்.

"புனிதர் படமா?"

"ஆமா அத்தை."

"ஆமாமா," என்றார் சகாயராணி மெதுவாக. வெளிறிய முகத்தில் ரத்தம் திரும்பியது. "புனிதர் படந்தான். வேற என்ன? அரிசிக்குள்ள எதுக்குடி வச்ச?"

"புனிதர் படம் கிடந்தா வண்டு வராதுன்னாங்க."

"வராது, வராது. நல்லதாப் போச்சு. நாலு வீட்டுக்குக் குடுக்கலாம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து ஐரின் குளிக்கப் போனாள். குளித்து, கடைக்கும் போய்விட்டு வருவதற்குள் பன்னிரண்டு சீட்டுகள் காணாமல் போயிருந்தன.

"எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு பாத்துக் குடுத்தேன்," என்றார் மாமியார் திருப்தியாக. "சூசைமுத்து இருக்கான்ல, நாளைக்கு நம்ம வீட்டு அன்பியக் கூட்டத்துக்குக் கொண்டாந்து சாமிகிட்ட மந்திரிச்சு வாங்கிக்கிறேன்னான். எல்லாரும் கொண்டாராங்களாம்."

தெருவில் உள்ள கத்தோலிக்க வீடுகளெல்லாம் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வதுதான் அன்பியம். இந்த மாதம் இவர்கள் வீடு. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பங்குச்சாமி வருவார். தீர்த்தச் செம்பும் கையுமாக அவர் நிற்கும்போது, பன்னிரண்டு பேர் குறி சொல்லும் சீட்டை நீட்டுவார்கள். 'யாரு குடுத்தா?' என்று அவர் கேட்பார். தெரு முழுக்க மாமியாரைப் பார்க்கும். மாமியார் ஐரினைப் பார்ப்பார்.

மிச்சத்தை எடுத்து எண்ணினாள். அறுபத்தாறு. வேகவேகமாகப் புரட்டினாள். பிசாசைக் காணோம்.

"ஐயையோ, அதை யாருக்குக் குடுத்தாங்களோ!" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

முதலில் சூசைமுத்துவின் பூட்டுப் பட்டறை. வரிசையாகத் தொங்கும் மாங்காய்ப் பூட்டுகளுக்கு நடுவில், ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதனின் படம் ஒட்டியிருந்தது.

"அண்ணே, அந்தப் படத்துல அச்சுப் பிழையாம். திருப்பிக் கேக்குறாங்க."

"இராயப்பர் படத்துல என்ன பிழை? அவரைத் தலைகீழாத்தான அறைஞ்சாங்க. ஒளிவட்டம் பாரு, எம்புட்டு அழகா இருக்கு."

"அவரைச் சிலுவையில அறைஞ்சாங்கண்ணே. இதுல கயித்துல தொங்குறாரே."

"வரைஞ்சவனுக்கு ஆணி போட மனசு வரல போல. இந்தாரு, தர மாட்டேன். அஞ்சு வருசமா வீட்டுப் பட்டாவுக்கு அலையுறேன்ல? உங்க மாமியா இதக் குடுத்து, செத்த நேரம் நீயும் தலைகீழா நின்னு யோசிச்சுப் பாருன்னுச்சு. யோசிச்சேன். எடம் எம் பொஞ்சாதி பேர்ல இருக்கு. நான் பூராம் எம் பேர்லயே மனு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்!"

ஐரின் கைப்பையிலிருந்த சிறு புத்தகத்தை ஒளித்துப் புரட்டினாள். 'தொங்கும் மனிதன்: காத்திருப்பு. பார்வையை மாற்றிப் பார்.' அவளுக்குப் புல்லரித்தது.

அடுத்து ஆட்டோ ஓட்டும் அருளப்பன். ஆட்டோ கண்ணாடிக்குப் பக்கத்தில், வெள்ளைக் குதிரை மேல் ஓர் எலும்புக்கூடு.

"அருளப்பண்ணே, இது யாருன்னு நினைச்சு வச்சிருக்கீங்க?"

"ஏன், வெள்ளைக் குதிரைன்னா சந்தியாகப்பர்தான? ஒருசந்தி இருந்து ரொம்ப மெலிஞ்சுட்டாரு பாவம்."

"இதைக் குடுங்கண்ணே, வேற தாரேன்."

"உசுரே போனாலும் தர மாட்டேன் தாயி. குடிய விட்டு இன்னையோட நாப்பத்தொரு நாளு. பழைய அருளப்பன் செத்துட்டான், நீ புது ஆளுன்னு சொல்லி உங்க மாமியா கையால குடுத்துச்சு. நான் அழுதுட்டேன்."

புத்தகத்தில் 'மரணம்: ஒன்று முடிந்து ஒன்று தொடங்கும்' என்று இருந்தது. ஐரினுக்கும் அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் படம் வரவில்லையே.

பேகம்பூர் தையல்கடை பக்ருன்னிசாவுக்கும் ஒன்று போயிருந்தது. முஸ்லிம் வீட்டுக்குப் புனிதர் படம் எதற்கு என்று ஐரினுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. அத்தை யாரையும் பிரித்துப் பார்க்க மாட்டார் என்று நினைத்ததும் மனசு நெகிழ்ந்துவிட்டது.

"நாங்க படம் மாட்ட மாட்டோம்மா," என்றார் பக்ருன்னிசா, தையல் மிஷின் டிராயரைத் திறந்தபடி. உள்ளே பாபின்களுக்கு நடுவே ஒரு பெண் சிங்கத்தின் வாயை மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா குடுத்து, மூணு நாள் பக்கத்துல வச்சிருந்து என்ன தோணுதுன்னு வந்து சொல்லுன்னாங்க. மூணு நாளெல்லாம் வேணாம், மத்தியானமே தோணிருச்சு. எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டுல உப்பில்லன்னு கத்துனாரு. எப்பவும் நானும் கத்துவேன். இன்னைக்கு இந்தம்மா மாதிரி வாயில லேசா கைய வச்சேன். மனுசன் சிரிச்சுட்டாரு! பதினெட்டு வருசத்துல இன்னைக்குத்தான் சிரிச்சிருக்காரு."

இப்படிப் பன்னிரண்டு சீட்டில் பதினொன்று இருக்கும் வீடு தெரிந்தது. பதினொன்றிலும் ஒரே பதில்: தர மாட்டோம். பிசாசு எங்கேயும் இல்லை.

ரொனால்டுக்குப் போன் போட்டாள். "ஏங்க, உங்க பேர்ல ஒண்ணு வாங்கினேன், அதுல ஒரு சிக்கல்..."

"என் பேர்ல அந்த வீட்டுக்கு என்னென்னமோ வருது. நான் எதையும் கேட்டுக்கிறதில்ல," என்று வைத்துவிட்டான். நல்ல மனிதன். உதவிக்குத்தான் ஆக மாட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறுபடி ஒரு சுற்றுப் போனாள். "படம் அழுக்காயிரும்ல, லேமினேஷன் போட்டுத் தாரேன். இலவசம்!"

இலவசம் என்றதும் பதினொரு புனிதர்களும் உடனே கைக்கு வந்தார்கள். கூடவே சூசைமுத்துவின் ரேஷன் கார்டு, அருளப்பனின் ஆட்டோ பெர்மிட், யார் யாருடைய ஆதாரோ, இரண்டு கல்யாண போட்டோ, ஒரு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் வந்தன. "இதையும் போட்டுரு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்." ஐரின் மஞ்சப்பை நிறைய ஊர்க் காகிதத்தோடு வீடு வந்து சேர்ந்தாள்.

ஆனாலும் அன்று சாயங்காலம் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சீட்டைப் பார்த்தாலே அர்த்தம் தெரிந்தது. தொங்கும் மனிதன் என்றால் சூசைமுத்து. சிங்கக்காரி என்றால் பக்ருன்னிசா. புத்தகம் பார்த்துப் பழக முடியாத கட்டோடு, பதினொரு வீடு ஏறி இறங்கிப் பழகியிருந்தாள். இந்தத் தெருவில் இத்தனை பேரோடு இத்தனை நேரம் அவள் பேசியதும் அன்றுதான்.

ஞாயிறு காலை கோயில் ஸ்டாலில் உண்மையான புனிதர் படங்கள் ஒரு டஜன் வாங்கினாள். கூட்டத்தில் அவற்றைக் கொடுத்துச் சமாளித்துவிடலாம் என்பது கணக்கு டீச்சரின் கணக்கு.

மாலை ஐந்து மணி. கூடம் நிறைந்திருந்தது. செபம் முடிந்து, சாமி தீர்த்தச் செம்பைக் கையில் எடுத்ததும் ஐரின் முந்திக்கொண்டு படங்களை நீட்டினாள்.

"இது யாரு?" என்றான் சூசைமுத்து.

"அந்தோனியார்ண்ணே."

"அந்தோனியார் எங்க வீட்ல மூணு இருக்காரு. என் தலைகீழ் இராயப்பர் எங்க?"

"என் சந்தியாகப்பர் எங்க? எலும்பா இருப்பாரே, அவரு!" என்றான் அருளப்பன்.

"எனக்கு என் பழைய படந்தான் வேணும்!" என்று பின்னாலிருந்து இன்னும் மூன்று குரல்கள் எழுந்தன.

சாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எலும்பா? தலைகீழா? அது என்ன படம்? கொண்டாங்க, பாப்போம்."

எல்லோரும் ஐரினைப் பார்த்தார்கள். மஞ்சப்பை அவள் காலடியில் மேசைக்குக் கீழே கிடந்தது. ஐந்து வருடப் பெயர் இன்னும் ஒரு நிமிடத்தில் போய்விடும். கூட்டத்தின் மத்தியில் மாமியார் தலைகுனிந்து நிற்பதை நினைத்ததும் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

அப்போது சகாயராணி எழுந்தார். எழுந்த வேகத்தில் அவருடைய செபப் புத்தகம் லேசாக விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு கொம்பு எட்டிப் பார்த்தது. ஐரினுக்கு மட்டும் அது தெரிந்தது.

"சாமி, அதெல்லாம் லேமினேசனுக்குக் கட்டி வச்சிருக்கு. பிரிச்சா எது யாருதுன்னு தெரியாமப் போயிரும். பையோட மந்திரிச்சுருங்க, காப்பி ஆறுது."

காப்பி ஆறுவது சாமிக்குப் பிடிக்காது. மஞ்சப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அவர் சிலுவை அடையாளம் போட்டுத் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். தொங்கும் மனிதன், எலும்புக்கூடு, ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட் எல்லாமே ஒரே நேரத்தில் புனிதமடைந்தன. "ஆமென்!" என்றாள் ஐரின், எல்லோரையும்விடச் சத்தமாக.

எல்லோரும் போனபின் மாமியாரும் மருமகளும் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து மிச்சக் காப்பியைக் குடித்தார்கள்.

"அத்தை, உங்க புத்தகத்துக்குள்ள ஒரு படம் இருக்கே..."

"அதுவா? அவனை எந்த வீட்டுக்குன்னு குடுக்குறது? பாத்து யாராச்சும் பயந்துக்குவாங்க. அதான் நானே வச்சுக்கிட்டேன்." ஒரு மடக்குக் குடித்தார். "ஐரினு, அந்தப் படமெல்லாம் உனக்குப் புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்கு அத்தை." அன்றைக்கு அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சகாயராணி ஏதோ பெரிய சொத்தை எழுதிக் கொடுப்பது போலப் பெருமூச்சு விட்டு, புத்தகத்திலிருந்து பிசாசை எடுத்து மருமகள் கையில் வைத்தார். "அப்ப கட்டு முழுக்க நீயே வச்சுக்க. புனிதர் படந்தான, பத்திரமா வச்சுக்க."

பாவம், எவ்வளவு வெள்ளை மனசு, என்று ஐரினுக்குக் கண் கலங்கியது. பிசாசைப் புனிதர் என்று நினைத்து இரண்டு நாளாகச் செபப் புத்தகத்தில் வைத்திருந்திருக்கிறாரே! இவரிடம் போய்ப் பொய் சொன்னோமே! எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்த நேரம், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

கொரியர்காரர் சேதுபதி. ஒட்டன்சத்திரத்துக்காரர், இந்தத் தெருவுக்குப் பல வருடமாக வருகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பொட்டியை நீட்டினார்.

"ரொனால்டு பேர்ல பார்சலுங்க மேடம்."

வெள்ளிக்கிழமை வந்த அதே அளவுப் பொட்டி. அதே கம்பெனி. உறை ஓரத்தில் கிழிந்திருந்தது, உள்ளே தங்க விளிம்பு மின்னியது.

"இதைத்தான் நான் வெள்ளிக்கிழமையே வாங்கிட்டேனே," என்றாள் ஐரின் ரகசியக் குரலில். "ஒரு தடவைதான் ஆர்டர் போட்டேன்."

சேதுபதி செல்போனில் நம்பரைச் சரிபார்த்தார்.

"ஆமாங்க மேடம், உங்க நம்பருக்கு வந்தது இது ஒண்ணுதானுங்க, வெள்ளிக்கிழமை குடுத்தது பெரியம்மா வருசா வருசம் வாங்குற சீட்டுக்கட்டுங்க, அதோட நாலு கட்டு நான் கொண்டாந்து குடுத்திருக்கேன்."